எல்லா பசங்களுக்கும் ஒரே உறுதிமொழியா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தேனி மாவட்டம் கூடலூர்லருந்து எழுதுறேன்.

எங்க பக்கம் ஸ்கூல்ல போதை ஒழிப்புன்னா என்ன நடக்குது, கிரவுண்டுல வெயில்ல நிக்க வச்சு கைய நீட்டச் சொல்லி உறுதிமொழி, அப்புறம் வாய்ப் புற்றுநோய் போட்டோ, கேஸு ஜெயில்னு ஒரு சார் பேசுவார், அவ்ளோதான். அந்த வரிசையிலயே ஒருத்தன் கூல் லிப்னு சின்னப் புகையிலப் பொட்டலத்த கீழ் உதட்டுல அடக்கிக்கிட்டு வாயே தொறக்காம முனகிட்டு நிப்பான். பக்கத்துல நிக்கிறவனுக்கு வாசம் தெரியும், சொல்ல மாட்டான்.

கேரளா எல்லையில குமுளி செக்போஸ்ட்ல போதைப்பொருள் இருக்கான்னு வண்டிய மறிச்சு சோதிக்கிறது வேணாம்னு சொல்லல. ஆனா ஒரே தெருவுல வளர்ற பசங்கள்ல இவன் ஏன் வாங்குறான் அவன் ஏன் வாங்கலன்னு யாரு கேக்குறா?

கனடாவுல பாட்ரீசியா கான்ராட்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதத்தான் கேட்டாங்க. நாலு குணம் சொல்றாங்க: எதுலயும் நம்பிக்கை விட்டுப்போறது, நெஞ்சு படபடன்னு அடிச்சாலே பயந்துக்கிறது, யோசிக்காம சட்டுனு செய்யிறது, த்ரில்லு தேடுறது. 23 கேள்வியில யாருக்கு எது தூக்கலா இருக்குன்னு பாத்து, அந்தந்த குணத்துப் பசங்கள சின்ன குரூப்பா உக்கார வச்சு 90 நிமிஷம் வீதம் ரெண்டே கிளாஸ். லண்டன் ஸ்கூல்கள்ல டீச்சர்களுக்கே ட்ரெயினிங் குடுத்து நடத்தினாங்க, ரெண்டு வருஷம் வரைக்கும் குடி குறைஞ்சிருந்துச்சுன்னு 2013ல ரிசல்ட் வந்துச்சு.

யோசிச்சுப் பாத்தா சரியாத்தான் இருக்கு. த்ரில்லுக்கு அலையிறவன்கிட்ட ஆபத்துன்னு சொன்னா அதுவே அவனுக்கு விளம்பரம். அப்பா அம்மா விடியுமுன்ன ஜீப் ஏறி கேரளா ஏலத்தோட்டத்துக்குப் போயிட, பேச ஆளில்லாம வீட்டுல கெடக்குறவன்கிட்ட கேன்சர் வரும்னா, வந்துட்டுப் போகட்டும்ங்கிறான். பயந்த புள்ளைக்கோ அந்த போட்டோவே ராத்திரி தூக்கத்தக் கெடுக்கும். மூணு பேருக்கும் ஒரே பேச்சு எப்படிங்க எடுபடும்?

ஒண்ணு மட்டும், இவன் இந்த டைப்புனு முத்திரை குத்தி அந்த லிஸ்ட் ஸ்டாஃப் ரூம்ல டீயோட சேந்து சுத்துச்சுன்னா செய்யாமலே இருக்கலாம். கேக்குற டீச்சர் வாய மூடி வைக்கணும். மனசு சரியில்லாத பசங்களுக்கு டெலிமானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி நம்பர் 14416ஐ கரும்பலகை ஓரத்துல எழுதி வைங்க, காசு கெடையாது.

கல்வித்துறை இத எட்டாம் கிளாஸ்லயே ஆரம்பிக்கணும், பத்தாம் கிளாஸ்னா பப்ளிக் எக்ஸாம்னு ஒரு பீரியட் தர மாட்டாங்க. டைம் எங்கம்மானு கேட்டா, பி.டி. பீரியட மேக்ஸுக்குத் தூக்கிக் குடுக்குறீங்கள்ல, அதுல கொஞ்சம் இதுக்குத் தாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கூடலூர்