பாதரச கிரீம்களைக் கடைத்தெருவிலேயே சலித்தெடுக்க: மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் உள்ள ஒரு மகளிர் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். தயாரித்தவர் முகவரியோ பேட்ச் எண்ணோ இல்லாமல் நம் கடைத்தெருக்களில் விற்கும் சிவப்பழகு கிரீம்கள் தொடர்பாக இதை எழுதுகிறேன். என் மாணவியரின் கைப்பைகளிலேயே அத்தகைய டப்பாக்களைப் பார்த்திருக்கிறேன்.

இத்தகைய கிரீம்களில் கலக்கும் பாதரசம், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுப்பதால்தான் முகம் சில வாரங்களில் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே உடலில் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இத்தகைய கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்தது 2023-இல் வெளியே தெரிந்தது. கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர்த்த அழகுசாதனங்களில், தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. ஆனால் அந்த அளவை உறுதிசெய்யும் கருவிகள் விலை உயர்ந்தவை, ஆய்வகத்தை விட்டு நகராதவை. கடைத்தெருவில் இருக்கும் அத்தனை டப்பாக்களையும் அவற்றின் முன் கொண்டுபோய் வைக்க எவராலும் இயலாது.

இங்கேதான் தாவரச் சாறு கொண்டு உருவாக்கும் வெள்ளி நானோ துகள்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள்கள், கைகொடுக்கும் என நம்புகிறேன். வேப்பிலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரை வெள்ளி நைட்ரேட் கரைசலில் சேர்த்தால், இலையிலுள்ள பாலிபீனால்கள் என்னும் சேர்மங்கள் வெள்ளி அயனிகளைத் துகள்களாக்கி, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் போர்த்தியும் காக்கின்றன. கரைசல் மெல்ல மஞ்சளாகி, பால் சேர்க்காத தேநீரின் நிறத்துக்கு வருகிறது. அதில் பாதரச அயனி விழுந்தால், அது வெள்ளியை ஆக்சிஜனேற்றித் துகள்களைச் சிதைக்க, கண்ணெதிரே நிறம் வெளுத்துவிடுகிறது.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரீமை நேரடியாகக் கலந்தால் பயனில்லை. அமிலத்தில் செரிக்க வைத்தே, அதாவது கிரீமைச் சிதைத்துக் கரைத்தே, பாதரசத்தைக் கரைசலுக்குக் கொண்டுவர வேண்டும். நாங்கள் முதன்முறை செய்தபோது எல்லாக் குழாய்களும், பாதரசமே சேர்க்காத ஒப்பீட்டுக் குழாய் உட்பட, தண்ணீர்போல் வெளுத்துவிட்டன. மிஞ்சியிருந்த அமிலமே வெள்ளியைக் கரைத்துவிட்டது என்பதை மாணவியர்தாம் கண்டுபிடித்தார்கள். சாதாரண உப்பும் நிறத்தைக் குலைக்கும். இலை பறித்த பருவம் மாறினால் துகளின் அளவும் மாறும். ஆகவே இதைச் சலித்தெடுப்பதற்கான முதல்நிலைச் சோதனையாக மட்டுமே கொள்ளலாம். வழக்குக்கு ஆய்வக அறிக்கையே சான்றாக வேண்டும்.

எனவே என் வேண்டுகோள் இதுதான்: ஒரே தரத்தில் தயாரித்த துகள் கரைசலையும் ஒப்பீட்டுக் குழாய்களையும் கொண்ட சிறு சோதனைப் பெட்டி ஒன்றை, சென்னைக் கல்லூரி ஆய்வகங்கள் சிலவற்றில் தங்கள் துறையின் மேற்பார்வையில் சோதித்துப் பாருங்கள். ஆய்வாளர்கள் எடுத்துவரும் மாதிரிகளில் நிறம் வெளுப்பவற்றை அரசு ஆய்வகத்துக்கு முதலில் அனுப்பலாம்; வெளுக்காதவற்றிலும் சிலவற்றை அனுப்பினால், எங்கள் சோதனை எத்தனை முறை ஏமாறுகிறது என்பதும் தெரியவரும். சனிக்கிழமைகளில் எங்கள் ஆய்வகத்தைத் திறந்துவைக்க நானும் என் மாணவியரும் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை,
வடசென்னை