‘குறை ஏதுமில்லை’ என்று திரும்பி வந்த கிட்டார்: ஏழாவது புகார்க் கடிதம்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: புதிதாகக் கற்பவர்களுக்கான அகூஸ்டிக் கிட்டார் – மூன்று புகார் எண்கள், மூன்று முறை நேரில் வந்தது, இன்னும் தீர்வில்லை

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஏழாவது கடிதம். முந்தைய ஆறுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. அவ்வளவு முக்கியமென்றால் யாராவது ஒருவர் அதைப் படித்துத் தொலைத்திருக்கலாம். சரி, இதையாவது ஒரு மனிதர் படிப்பார் என்று நம்பிப் பொறுமையாகவே தொடங்குகிறேன்.

எந்த மாடல் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பை, கம்பியை மீட்டும் பிக், கம்பிகளை ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப், செயலியில் 30 நாள் பாடம் எல்லாம் சேர்ந்து வருமே, அதுதான். "பெட்டியைத் திறந்ததும் வாசிக்கலாம்" என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். திறந்து ஐந்து மாதமாகிறது. இன்னும் வாசித்தபாடில்லை.

எனக்கு வயது 47. இதற்கு முன் கிட்டாரைத் தொட்டதில்லை. ஸ்டீல் கம்பியை அழுத்தினால் விரல் நுனி வலிக்கும், மூன்று நான்கு வாரம் விடாமல் வாசித்தால் காய்ப்பு விழும், அதற்குப் பிறகு வலி அடங்கும் என்பதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். காய்ப்பு விழுந்தது. தோல் உரிந்து மறுபடியும் விழுந்தது. அதைப் பற்றி நான் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. ஆனால் உங்கள் ஆட்களில் யாரிடம் பேசினாலும் எடுத்த எடுப்பில் "விரல் பழகணும் மேடம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

அதிலும் அந்த ஒரு தம்பி. பெயர் வேண்டாம், அழைப்புகள் பதிவாகின்றன என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, எடுத்துக் கேளுங்கள். சுருதி பார்க்கும் ட்யூனரில் ஆறு கம்பிக்கும் பச்சை வருகிறது, ஆனாலும் சி கார்ட் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடித்தால் அபசுரமாக இருக்கிறது, ஏன் என்று கேட்டேன். "ட்யூன் பண்ணிட்டு அடிங்க மேடம்" என்றார். ட்யூன் பண்ணிவிட்டுத்தான் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "மேடம், இந்த வயசுல விரல் அப்படித்தான் இருக்கும். வேணும்னா கீபோர்டு வாங்கிக்கோங்க, நம்மகிட்டயே ஆஃபர் போயிட்டிருக்கு."

ஆஃபர்!

போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இதில் பெரிய கூத்து என்னவென்றால், அவர் சொன்னதை நான் நம்பியும்விட்டேன். அடுத்த இரண்டு மாதம் விரலுக்குப் பலம் வரட்டும் என்று ஒரு ரப்பர் பந்தைக் கசக்கிக்கொண்டு திரிந்தேன். பேருந்தில், அலுவலகக் கூட்டத்தில், டிவி முன்னால். நான் ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று மேலாளர் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

கோளாறைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுப் பையன். கல்லூரியில் படிக்கிறான். அவன் கிட்டார் பழசு. வார்னிஷ் உரிந்து, ஒரு ஓரத்தில் அடிபட்டு, பார்க்கவே பாவமாக இருக்கும். அதை வாங்கி சி கார்ட் பிடித்தேன். சி கார்டாகவே ஒலித்தது. எஃப் பிடித்தேன், ஆறில் நாலு கம்பி தெளிவாகப் பேசியது. அதே விரல்கள், அதே வயது. அப்புறம் அவன் என் கிட்டாரை வாங்கி, நீங்கள் கொடுத்த கேப்போவையே எடுத்து முதல் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கோடுகளில் முதலாவது) மாட்டி, "இப்ப பிடிங்க ஆன்ட்டி" என்றான். பாதி அழுத்தமே போதுமாக இருந்தது. அபசுரமும் முக்கால்வாசி போய்விட்டது. "நட்டுதான் ஆன்ட்டி பிரச்சனை" என்றான். அவனுக்கு 19 வயது. நீங்கள் கிட்டார் விற்கும் நிறுவனம்.

உங்களுக்குத் தெரியாததா? உங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லையே, அதனால் எழுதுகிறேன். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் அந்தச் சின்ன வெள்ளைத் துண்டுதான் நட்டு. அதில் பள்ளங்களைப் போதுமான ஆழத்துக்கு அராவாமலே அனுப்பிவிட்டீர்கள். அதனால் கம்பி முதல் ஃபிரெட்டுக்கு மேலே எம்பி நிற்கிறது. அதை அழுத்திக் கீழே கொண்டுவரும்போது இழுபடுகிறது. இழுபட்ட கம்பியில் சுருதி ஏறும். ட்யூனர் வெறும் கம்பியைத்தானே கேட்கிறது, அது பச்சை காட்டாமல் என்ன செய்யும்? இ மைனர் ஓரளவுக்குத் தப்பித்துவிடுகிறது, அதில் விரல்கள் இரண்டாவது ஃபிரெட்டில். சி, எஃப் இரண்டும் முதல் ஃபிரெட்டுக்குப் போக வேண்டியவை. அங்கேதான் மானம் போகிறது.

முதல் ஃபிரெட்டுக்கும் தடித்த கம்பிக்கும் நடுவே விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தேன். மூன்று கார்டு ஒன்றாகப் போனது. 12வது ஃபிரெட்டில் ஸ்கேல் வைத்து அளந்தால், தடித்த கம்பி கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. இரண்டரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இடம் அது. கம்பியின் சரிபாதி அந்த 12வது ஃபிரெட்டில்தான் வருகிறது. அங்கே லேசாகத் தொட்டு எடுக்கும் ஸ்வரமும் அழுத்தி மீட்டும் ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டாமா? என்னுடையதில் அழுத்தினால் 15 சென்ட் ஏறுகிறது. ஒரு அரைச் சுருதிக்கே மொத்தம் 100 சென்ட்தான். படங்களை இணைத்திருக்கிறேன். நாலாவது கடிதத்திலிருந்து ஒவ்வொரு முறையும் இணைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி உங்கள் சர்வீஸ் சென்டர் படலம்.

எந்த நாளும் வரலாம் என்று போனில் சொன்னார்கள். இரண்டு பேருந்து மாறி, கிட்டாரைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். "ஒரிஜினல் அட்டைப்பெட்டி இல்லாம வாங்க மாட்டோம்" என்றார்கள். இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்டால், "போன்ல பேசுறவங்க வேற டீம்." திரும்பிப் போனேன். மறு வாரம் பெட்டியோடு வந்தேன். என் உயரத்துக்கு முக்கால் இருக்கும் அந்தப் பெட்டி. இரண்டு நடத்துநர்கள் ஏற்றவே மாட்டேன் என்றார்கள், மூன்றாவது பேருந்தில் ஏறினேன், வழியில் மழை வேறு. வந்து சேர்ந்தால், கிட்டார் பார்ப்பவர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவாராம். அன்றைக்குப் புதன்.

ஐயா, அந்த வாசல் படியில் நனைந்த பெட்டியோடு நான் நின்ற நிலையை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். உள்ளே ஏசியில் இருந்த ஒருவர்கூட "உள்ள வந்து உட்காருங்க" என்று சொல்லவில்லை.

இதற்கு நடுவே இன்னொன்று. வரிசை மாறிவிட்டது, மன்னிக்கவும், இது நான் முதல் முறை வருவதற்கும் முன்னால் நடந்தது. கம்பி உயரமாக இருக்கிறது என்று சொன்னதும் உங்கள் வேறொரு பிரதிநிதி போனிலேயே வைத்தியம் பார்த்தார். "ஓட்டைக்குள்ள ஒரு போல்ட் தெரியும் மேடம், ஆலன் கீ போட்டு ரெண்டு சுத்து முறுக்குங்க, இறங்கிடும்." நல்ல வேளை, என்னிடம் ஆலன் கீ இல்லை. அது ட்ரஸ் ராட். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைத்திருக்கும் இரும்புக் கம்பி. கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பவே கூடாது என்று ரிப்பேர்காரர் ஒருவர் பிறகு தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். நட்டுப் பள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லையாம். இரண்டு சுற்று முறுக்கி கழுத்து போயிருந்தால், "வாடிக்கையாளரே சேதப்படுத்தினார்" என்று எழுதி வாரன்டியை மூடியிருப்பீர்கள், இல்லையா?

மூன்றாவது முறை, செவ்வாய்க்கிழமை பார்த்து, அட்டைப்பெட்டியோடு வந்து ஒப்படைத்தேன். 19 நாள் கழித்துக் கிட்டார் வந்தது. கூடவே ஒரு தாள்: "பரிசோதிக்கப்பட்டது. குறை ஏதுமில்லை." நட்டில் ஒரு அரம்கூடப் படவில்லை, அதே மூன்று விசிட்டிங் கார்டு அதே மாதிரி நுழைகிறது. செய்தது ஒன்றே ஒன்று, கம்பி மாற்றியிருக்கிறார்கள். காலி உறை பைக்குள்ளேயே கிடந்தது. கேஜ் என்பது கம்பியின் தடிமன். முன்பு இருந்தது 12 கேஜ் லைட். இப்போது போட்டிருப்பது 13 கேஜ் மீடியம். மொத்த இழுவை கிட்டத்தட்ட பத்து கிலோ கூடுதல்! விரல் வலிக்கிறது, கம்பி உயரமாக இருக்கிறது என்று அழுதுகொண்டு வந்தவளுக்கு இன்னும் தடித்த கம்பியை மாட்டி அனுப்பியிருக்கிறீர்கள். கழுத்து இன்னும் கொஞ்சம் முன்னால் வளைந்து, கம்பி இன்னும் கொஞ்சம் உயர்ந்ததுதான் மிச்சம்.

பரிசோதித்தவர் ஒரே ஒரு எஃப் கார்ட் பிடித்துப் பார்த்திருந்தால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். அவருக்கும் விரல்கள் இருக்குமே.

அந்த ரிப்பேர்காரரிடம் இரண்டாம் முறையும் போனேன். நட்டுப் பள்ளத்தை அராவ அரை மணி நேரம் போதும் என்றார். அடிப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சாடில் என்ற துண்டையும் தேய்க்க வேண்டும். 12வது ஃபிரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் எடுக்க வேண்டுமாம். எல்லாம் அளந்து சொல்லிவிட்டு, "வாரன்டி இருக்கேம்மா, நான் கை வைக்கலாமா, கேட்டுட்டு வாங்க" என்றார். கேட்டேன். உங்கள் பதில், எழுத்தில் வந்தது: "செட்டப் வேலைகள் வாரன்டியில் அடங்காது. வெளியாட்கள் கை வைத்தால் வாரன்டி ரத்தாகும்." அதாவது நீங்களும் செய்ய மாட்டீர்கள், செய்யத் தெரிந்தவரையும் செய்ய விடமாட்டீர்கள். பிறகு யார்தான் அதைச் செய்வது? நானே அரத்தை எடுக்க வேண்டுமா?

அந்த 30 நாள் பாடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் நாள் பாடம் எஃப் கார்ட். செயலி மைக்கில் கேட்டுவிட்டு "சுருதி சரியில்லை, மறுபடி முயலுங்கள்" என்கிறது. முயன்றேன். மறுபடி முயலுங்கள். முயன்றேன். 30 நாள் முடிந்ததும் பூட்டிக்கொண்டது. என் கிட்டாரில் சுருதி சரியில்லை என்று உங்கள் செயலியே எத்தனையோ நூறு முறை சான்றிதழ் கொடுத்திருக்கிறது; உங்கள் சர்வீஸ் சென்டர் குறை ஏதுமில்லை என்கிறது. முதலில் உங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

ஐந்து மாதத்தைப் பாழாக்கிவிட்டீர்கள். பணத்தைச் சொல்லவில்லை. கல்லூரி நாளிலிருந்து மனதில் வைத்திருந்த ஆசை இது. இந்த வயதில் தள்ளிப்போட்டால் அப்புறம் எப்போது? என் இசை வாழ்க்கையையே முளையில் கிள்ளிவிட்டீர்கள் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒன்பதாம் நாளோடு நின்றுபோன வாழ்க்கை என்றாலும் அது என்னுடையது.

எனக்கு வேண்டியதைத் தெளிவாகவே எழுதுகிறேன். நட்டையும் சாடிலையும் தெரிந்த ஒருவரைக் கொண்டு சரிசெய்து, 12 கேஜ் கம்பியே போட்டுத் தாருங்கள். இல்லையா, கிட்டாரை மாற்றிக் கொடுங்கள், அனுப்புவதற்கு முன் ஒருவர் வாசித்துப் பார்த்து அனுப்பட்டும். அதுவும் முடியாதென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒரு கும்பிடு போட்டு விலகிக்கொள்கிறேன். 30 நாள் பாடத்தை முதலிலிருந்து திறந்துவிட வேண்டும். அந்தத் தம்பியை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. அவர் வயிற்றில் அடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நட்டு என்றால் என்னவென்று அவருக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்கள், முடிந்தால் ஒரு மன்னிப்பு கேட்கச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். மூன்று புகார் எண்கள், "குறை ஏதுமில்லை" தாள், அந்த 13 கேஜ் உறை, பேருந்துச் சீட்டுகள் முதற்கொண்டு கோப்பில் இருக்கின்றன. படங்களை எங்கெல்லாம் போட முடியுமோ அங்கெல்லாம் போடுவேன். அதற்கு என்னைத் தள்ளிவிடாதீர்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் (இந்த நிமிடம் வரை)

பி.கு.: அட்டைப்பெட்டி காய்ந்துவிட்டது. பத்திரமாகப் பரண்மேல் வைத்திருக்கிறேன். இந்த முறை நீங்கள்தான் வந்து எடுத்துப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமையானாலும் சரி, புதன்கிழமையானாலும் சரி.