பழைய மலைச் சைக்கிளுக்குப் பெரிய டிஸ்க் மாட்டும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் கல்லூரிக் காலத்தில் வாங்கி ஓட்டிவிட்டு, வேலைக்கென்று வெளியூர் போனபின் வளவில் சாய்ந்து நின்றுவிட்ட மலைச் சைக்கிள்களை இப்போது காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கங்களில் பெற்றோர்களே எடுத்து ஓட்டக் காண்கிறோம். நானும் என் மகனுடைய 26 அங்குலச் சைக்கிளை, அதற்குப் பன்னிரண்டு வயதாகியும், நாள்தோறும் காலையில் குன்றக்குடி வரை மிதித்து வருகிறேன். இத்தகைய பழைய வண்டிகளின் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற உலோகத் தகட்டை இருபுறமும் பேட் என்ற கட்டைகள் அழுத்திப் பிடிப்பது) குறித்து, எனக்கு நேர்ந்ததை முன்வைத்துச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியே சொல்ல விரும்புகிறேன்.

சென்ற மார்கழியில் நண்பர்களுடன் சிறுமலைக்குப் போயிருந்தேன். இறக்கத்தில் பாதி வளைவுகளைக் கடப்பதற்குள் தீய்ந்த வாடை எழுந்தது. லீவரை எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் முன்சக்கரம் வேகம் தணியவில்லை. ஓரமாக நிறுத்தி, டிஸ்க் ஆறும்வரை காத்திருந்துதான் கீழே வந்து சேர்ந்தோம். ஊர் திரும்பியதும் ஒரு கடையில் காட்டினேன். முன்னாலிருந்த 160 மி.மீ. டிஸ்க் சிறியது என்று சொல்லி, அடாப்டர் வைத்து 203 மி.மீ. டிஸ்க்கை அரைமணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். பிடிப்பு நன்றாகவே இருந்தது. பேட் அழுத்தும் விசை அதேதான் என்றாலும், அது அச்சிலிருந்து தள்ளி நின்று பிடிப்பதால் சக்கரத்தை நிறுத்தும் திருப்புவிசை கூடுகிறது: 160-லிருந்து 180-க்கு மாறினால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கும், 203-க்கு மாறினால் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் கூடும். பரப்பு பெரிதாவதால் சூடும் விரைவில் ஆறும்.

ஆனால் ஐந்து மாதங்களில் அந்தப் புது டிஸ்க்கில் விரல் நகம் இடறும் அளவுக்குக் கோடுகள் விழுந்துவிட்டன. லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதைக் கழற்றி, தடிமனை நுட்பமாக அளக்கும் வெர்னியரில் அளந்தபோதுதான் நடந்திருந்த பிழைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பிசின் கலவையால் ஆன ரெசின் பேடுக்கு மட்டுமே உரியது என்று அந்த டிஸ்க்கின் மீதே ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. கடையில் போட்டதோ உலோகத்தூள் கலந்த பேட். கடினமான பேட் மென்மையான எஃகைத் தின்றுவிட்டது. கண்மாய்க் கரைச் செம்மண் மழையில் குழைந்து இடையில் புகுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுபோலத்தான் ஆகும் என்பதால், தேய்மானம் இன்னும் விரைந்திருக்கிறது. அடுத்து, முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க்கின் கையேட்டை மகனிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதற்கு உச்ச அளவு 180 மி.மீ. என்று தெளிவாகப் போட்டிருந்தது. பிரேக் பிடிக்கும்போது எழும் விசை முழுவதையும் ஃபோர்க்கின் இடது காலும், பேடுகளை அழுத்தும் கேலிபர் உட்காரும் இடமும் தாங்கவேண்டியிருப்பதால் தயாரிப்பாளர்கள் வைக்கும் வரம்பு அது. கருவியில்லாமல் கைப்பிடியைத் திருப்பியே சக்கரத்தைக் கழற்றும் குவிக் ரிலீஸ் அச்சுள்ள பழைய ஃபோர்க்கில் இவ்விசை சக்கரத்தைக் கீழ்நோக்கித் தள்ளவும் செய்யும். அவ்வாறு கழன்றுவிடாமல் இருக்க ஃபோர்க்கின் முனையில் விடப்பட்டுள்ள உதடு போன்ற சிறிய விளிம்புகளைச் சக்கரம் சீக்கிரம் கழற்ற வசதி என்று அரம் வைத்துத் தேய்த்துவிடுபவர்கள் தயவுசெய்து அதை நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விட என் மனத்தை உறுத்தியது பழைய 160 டிஸ்க்தான். நல்ல வேளையாக அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தேன். புதிதில் 1.8 மி.மீ. தடிமன் இருக்கவேண்டிய அதன் மீது, 1.5-க்குக் கீழே போனால் பயன்படுத்தக்கூடாது என்ற குறிப்பும் இருந்தது. வெர்னியர் காட்டியது 1.4. மெலிந்த தகடு சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் திறனும் குறைந்தது. ஆகவே சிறுமலையில் நான் பட்ட பாட்டுக்கு டிஸ்க்கின் அளவு மட்டும் காரணமன்று, அதன் தேய்மானமும் ஒரு காரணம். இதைக் கடையில் ஒரு நிமிடம் அளந்திருந்தாலே கண்டிருக்கலாம். நம் சமதள ஊர்களுக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு, அதே அளவில் புது டிஸ்க்கும் அதற்கேற்ற பேடுமே போதும் என்பது என் உறுதியான கருத்து.

மலைக்கும் போகிறேன் என்பதால் இப்போது முன்னால் 180-ம் பின்னால் 160-ம் வைத்திருக்கிறேன். முன்னால் போட்டிருப்பது உலோகப் பேடைத் தாங்கும் டிஸ்க். வாங்குமுன் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப், டிஸ்க்கை ஆறு போல்ட்டால் பூட்டும் வகையா, நடுவில் ஒற்றை வளையத்தால் பூட்டும் சென்டர்லாக் வகையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மாட்டியபின் சமதளத்தில் மிதமான வேகத்துக்குப் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி மெல்லப் பிடித்து நடைவேகத்துக்குக் கொண்டுவருவதை இருபது முறையாவது செய்தால்தான் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும். செயின் துடைத்த எண்ணெய்த் துணி டிஸ்க்கில் பட்டால் இந்த உழைப்பெல்லாம் வீண்.

கடை நடத்துவோரிடம் எனக்குக் கோபம் இல்லை. வேண்டுகோள் ஒன்றுதான் உண்டு. டிஸ்க் மாற்றும் முன் பழையதை அளந்து அந்தத் தடிமனையும், ஃபோர்க்கின் உச்ச அளவையும் ரசீதிலேயே குறித்து, கழற்றிய டிஸ்க்கை வாடிக்கையாளர் கையில் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தை நம் பகுதிக் கடைகள் தொடங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
காரைக்குடி