மே மாதத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்

கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தும் தனியார் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான்காம் வகுப்பு முடித்து ஐந்துக்குப் போகும் ஒரு பெண்ணின் அப்பா நான். போன வாரம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மே மாதம் முழுக்கக் காலை 9 மணி முதல் 12 மணி வரை வகுப்பு உண்டாம், வராத பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களாம். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. பல ஊர்களில் இதுதான் நடக்கிறது. அந்த 'பின்தங்கிவிடுவார்கள்' என்ற சொல்தான் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வந்த ஒரு மே மாதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் அப்பாயி வீடு. சித்திரை 21-இல் கத்திரி தொடங்கிவிட்டால் அப்பாயி வத்தல் போடத் தொடங்கிவிடும். முதல் நாளே அரிசியை ஊறவைத்து அரைத்து, விடிகாலை நாலு மணிக்கு விறகடுப்பில் கூழ் கிண்டும். பச்சை மிளகாய், பெருங்காயம், ஜவ்வரிசி. உப்பை மட்டும் ஒரு கை குறைத்தே போடும். "ஈரத்துல சரியா இருந்தா காஞ்சதும் கரிக்கும்டா" என்று கூழைத் தொட்டு என் நாக்கில் வைக்கும். இறக்கி ஆறவைத்து எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டு, மாடியில் தாத்தாவின் பழைய வேட்டியை விரித்து, வெயில் ஏறுவதற்குள் அச்சில் பிழிந்து முடித்துவிடுவோம்.

அப்புறம் காவல். அந்த வருஷம் காவல் என் பொறுப்பு. கையில் ஒரு குச்சி, பக்கத்தில் காக்கையை மிரட்ட விரித்து வைத்த கறுப்புக் குடை. அந்தக் குடை நிழலிலேயே நான் தூங்கிப்போனேன். கண் விழித்துப் பார்த்தால் நாலைந்து காக்கைகள் வேட்டி மேல் நடந்துகொண்டிருந்தன. ஒரு ஓரம் முழுக்கக் கொத்திக் குதறிக் கிடந்தது. அடி விழும் என்று நினைத்தேன். அப்பாயி வந்து பார்த்தது. கொத்திய பகுதியைச் சுரண்டி ஒரு தட்டில் எடுத்து மாட்டுத் தொட்டியில் போட்டது. சாயங்காலம் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வத்தலை உரிக்கும்போது என்னையும் கூட உட்காரவைத்துக்கொண்டது. ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் குச்சியை எடுக்கப் போனான். "அவன்கிட்ட குடுடா, அவந்தான் பாக்கணும்" என்றது அப்பாயி. அன்றைக்கு நான் கண் கொட்டவில்லை.

இன்று என்னோடு வேலை பார்க்கும் இளைஞர்கள் தவறு செய்யும்போதெல்லாம் எனக்கு அந்தக் குச்சிதான் ஞாபகம் வருகிறது. தவறு செய்தவனிடமே அந்த வேலையை மறுபடி கொடுக்கலாம் என்பதை எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் உண்டு. மத்தியானங்களில் அத்தையோடு பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. தோற்றவர் அடுத்த ஆட்டத்தில் கையில் இருக்கும் கொட்டையை வைத்து எத்தனை குழி நிரப்ப முடியுமோ அத்தனையோடு ஆட வேண்டும். நான் மூன்றே குழியோடு ஆடியிருக்கிறேன். அத்தை விட்டுக்கொடுத்ததே இல்லை. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி என்பதும் அந்த வீட்டு அரிசிப் பானைக்குள் கைவிட்டு அளந்து தெரிந்துகொண்டதுதான்.

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. பக்கத்துப் பள்ளி வகுப்பு வைக்கிறது, பெற்றோரே வந்து கேட்கிறார்கள், நாம் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது என்பீர்கள். பெற்றோரிலும் பாதிப்பேர் பயத்தில்தான் கேட்கிறோம், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பிள்ளையை எங்கே விடுவது என்பதும் உண்மையான சிக்கல். அந்த வீடுகளுக்காகப் பள்ளியைத் திறந்து வையுங்கள். விளையாட்டுத் திடலையும் நூலகத்தையும் கொடுங்கள். பாடம் மட்டும் வேண்டாம்.

2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் 1, 2 வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சொன்னது. அதே ஆண்டு மத்திய அரசு அந்த வகுப்புகளின் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. விடுமுறையில் சிறப்பு வகுப்பு வைக்கக் கூடாது என்று நம் பள்ளிக்கல்வித் துறையும் சொல்லத்தான் செய்கிறது. உத்தரவுக்குப் பயந்து நீங்கள் நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளுக்காக நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

விடுமுறை புராஜெக்ட் என்று சார்ட் அட்டையும் தெர்மாகோலும் வாங்கச் சொல்லாதீர்கள். அதைச் செய்வது பெரும்பாலும் நாங்கள்தான். அதற்குப் பதிலாகப் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள். மே மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று அது எழுந்து நின்று சொல்லட்டும். ரேஷன் கடை வரிசையில் நின்றதைச் சொல்லும், தாத்தாவுக்கு மருந்து எடுத்துக் கொடுத்ததைச் சொல்லும், தம்பியோடு சண்டை போட்டுச் சமாதானம் ஆனதைச் சொல்லும். ஆசிரியர்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள்.

என் மகள் மே மாத வகுப்புக்கு வரமாட்டாள். ஊருக்குப் போகிறாள். அவளுடைய அப்பாயி, அதாவது என் அம்மா, இந்த வருஷம் மூன்று படி அரிசிக்குக் கூழ் கிண்டப்போவதாகச் சொல்லியிருக்கிறார். காவலுக்கு ஆள் வேண்டுமாம். கறுப்புக் குடையை நேற்றே பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்புக்குப் போகும் ஒரு பெண்ணின் அப்பா