புதிதாக லேப் திறக்கும் மகளுக்கு

கொழிஞ்சாம்பாறை

கண்ணு,

ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள் என்றாயே. முதல் மாதம் புதுப் பொருள் எதையும் தொட விடாதே. தங்கக் கூழ்மம், அதாவது தண்ணீரில் மிதக்கும் தங்க நானோ துகள் செய்யட்டும், ஒரே அளவில், பத்துத் தடவை.

தங்கம் இருக்கும் குளோரோஆரிக் அமிலம் ஒரு மில்லிமோலாரில் 100 மில்லி. தளதளவென்று கொதிக்கும்போது 38.8 மில்லிமோலார் சிட்ரேட் 10 மில்லியை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டால் துகள்கள் பெரிதும் சிறிதுமாக வரும். மஞ்சள் வெளுத்து, கருநீலமாகி, ஒயின் சிவப்பில் நிற்கும். பத்து நிமிடம் கொதித்ததும் இறக்கி, கால் மணி நேரம் கலக்க வேண்டும். துகள் 13 நானோமீட்டர் வாக்கில், யூவி கருவியில் ஒளி உறிஞ்சும் முகடு 520 நானோமீட்டர் பக்கம். ஊதா அடித்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம். அநேகமாக அழுக்குக் குடுவை, இல்லையென்றால் தண்ணீரில் உப்பு. குடுவையோடு காந்தக் கலக்கியையும் ராஜ திராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) கழுவச் சொல். அதன் கீறலில் பழைய தங்கம் ஒளிந்திருக்கும். மிஞ்சிய திராவகத்தை இறுக மூடினால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். அசிட்டோன் பக்கத்திலேயே கூடாது.

டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் அழகான ஒரு மூலையை மட்டும் காட்டினால் ஏற்காதே. இருநூறு துகளாவது அளக்கட்டும்.

ஆராய்ச்சிக்கு என்ன எடுப்பது என்று கேட்டாய். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் டி. பிரதீப் மலப்புறம் மாவட்டத்துக்காரர்தான். பூச்சிமருந்து கலந்த தண்ணீருக்கு வெள்ளி நானோ துகள், அப்புறம் ஆர்சனிக்குக்கு வேறு பொருள். பொருளை மாற்றினார், தண்ணீரை விடவில்லை. உனக்கு நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது. குடிநீரில் வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5.

ஃபுளோரைடைப் பிடிக்க நானோ அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) என்று கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. பலவற்றில் சோதனை காய்ச்சி வடித்த தண்ணீரில் சோடியம் ஃபுளோரைடைக் கரைத்துத்தான். போர் தண்ணீரில் பைகார்பனேட் உண்டு, அது பி.எச்.சை ஏழுக்கு மேலே நிறுத்தும், அலுமினாவோ ஐந்தரை ஆறில்தான் நன்றாகப் பிடிக்கும். அதனால் லேப் கணக்கு ஊரில் பலிக்காது. இன்னொன்று, தூளாகவே போட்டால் வடிகட்டியை அடைக்கும், அல்லது அதைத் தாண்டிக் குடத்துக்கே வந்துவிடும். மணியாகக் கட்டித்தான் போட வேண்டும். வெளியே வரும் தண்ணீரில் அலுமினியமும் பார், 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

அடுத்த முறை வரும்போது ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் நான்கு கொண்டு வா. கண்ணாடி வேண்டாம், ஃபுளோரைடு சோதனைக்கு பிளாஸ்டிக்தான் நல்லது. எந்த போர், எத்தனை அடி, எந்தத் தேதி என்று கேன் மேலேயே எழுதிவிடலாம்.

அம்மா