சாலட் வள்ளத்துக்குக் கடல் காட்டியவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

கடலுக்குத் தேங்காய் படைக்கும் மராத்தி மீனவர் பண்டிகையான நாரளி பூர்ணிமா கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மும்பையின் டிராம்பே கோலிவாடா என்ற மீனவர் குடியிருப்பின் படகுத்துறையில் நம்ம வள்ளம் தண்ணீரில் இறங்கியது. மிதக்கிறது. முதலில் கொஞ்சம் கசிந்தது. அது கசியத்தான் செய்யும், பலகை தண்ணீர் குடித்து ஊறினால் தானாக நிற்கும் என்று மேஸ்திரி தாத்தா முன்பே சொல்லியிருந்தார். நின்றுவிட்டது. அன்றைய சந்தடியில் யாரிடமும் ஒழுங்காக நன்றி சொல்ல முடியவில்லை, உதவியவர்களில் பாதிப் பேர் வரவும் இல்லை. அதற்குத்தான் இந்த மடல்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நவி மும்பையில் கடல் உணவு ஹோட்டல் ஒன்றை மூடினார்கள். அங்கே பஃபே மேசையாக இருந்ததுதான் இந்தப் பதினெட்டு அடி வள்ளம். உள்ளே ஐஸ், ஐஸ் மேல் தட்டு, தட்டில் வெள்ளரிக்காயும் தக்காளியும். கீழே நீல நிற விளக்கு வேறு. நான் குமரிக் கரையில் பிறந்தவன். சாப்பிடப் போன இடத்தில் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தேன், ஆணி ஒன்றுகூட இல்லை. அயினி மரப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த அசல் தையல் வள்ளம். எங்கள் ஊர்ப் பக்கமும் கேரளக் கரையிலும் ஒருகாலத்தில் சர்வ சாதாரணமாகக் கிடந்தவை. ஃபைபர் படகுகள் வந்த பிறகு சில விறகாயின, சில இப்படி சாலட் பரிமாறப் போயின.

ஹோட்டல் சாமான்களை மொத்தமாக எடுத்த பழைய சாமான் வியாபாரிக்கு முதல் நன்றி. விறகு விலைக்கே தந்தார். வாசிப் பாலம் தாண்டி செம்பூர் வரை, டெம்போவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலில் சிவப்புத் துணி கட்டி ஓட்டி வந்த டிரைவர் அண்ணனுக்கு அடுத்தது. எங்கள் சொசைட்டி செக்ரட்டரிக்கு அதைவிடப் பெரியது. இரண்டு கார் நிற்கும் இடத்தை மழைக்காலம் முழுக்க விட்டுக்கொடுத்தார். கமிட்டிக் கூட்டத்தில் அவர் என்ன பொய் சொன்னார் என்று நான் இன்னும் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை.

இனி தாத்தா. தாராவியில் மகன் வீட்டில் இருக்கிறார், பூர்வீகம் குளச்சல் பக்கம். பம்பாய்க்கு வந்து கட்டிலும் அலமாரியுமாகச் செய்து ஓய்ந்தவர். அதற்கு முன்னால், மீசை முளைக்கும் வயதில், வள்ளம் தைத்தவர். அவரைக் கண்டுபிடித்துத் தந்த தொண்ணூறடி ரோடு மளிகைக்கடை அண்ணாச்சிக்கு நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. தாத்தா வந்தார், வள்ளத்தைச் சுற்றி நடந்தார், உளித்தடத்தை விரலால் தடவினார். எழுபது வயசுக்குக் குறையாது என்றார். அப்புறம் வார்னிஷைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

அந்தக் கெட்ட வார்த்தை நியாயமானது. ஹோட்டல்காரர்கள் பளபளப்புக்காக வார்னிஷைத் தடிமனாகப் பூசியிருந்தார்கள். பலகை இடுக்குகளில் எம்-சீல் என்ற ஒட்டுப் பசை. மேசையின் கல் பலகையைத் தாங்க இரும்புத் திருகாணிகள். ஈரமும் இரும்பும் சேர்ந்தால் மரம் கறுத்து இற்றுப்போகும். ஒவ்வொரு திருகைச் சுற்றியும் அப்படியொரு கறுப்பு வட்டம். போதாக்குறைக்கு ஏசிக் காற்று பல வருஷம் பட்டுப் பலகைகள் சுருங்கி, இடைவெளியில் விரல் நுழைந்தது.

சாண்டிங் மெஷினைத் தொடவே தாத்தா விடவில்லை. செதுக்கினவன் கையெழுத்து போயிரும் மக்கா, என்றார். ஆகவே கண்ணாடிச் சில்லால் சுரண்டினோம். சொசைட்டிப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து சுரண்டினார்கள். உங்களுக்கெல்லாம் வள்ளத்தில் ஒரு சுற்று பாக்கி இருக்கிறது, லைஃப் ஜாக்கெட் வாங்கிவிட்டேன்.

காய்ந்த மரத்தை அவசரப்படாமல் பழக்க வேண்டியிருந்தது. நனைத்த சாக்கைப் போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதை ஒருநாள்கூட விடாமல் செய்தவர் வாட்ச்மேன் பையா. பீகாரில் கங்கைக் கரையில் வளர்ந்தவராம். படகுக்குத் தண்ணீர் ஊற்றுவதை இத்தனை மரியாதையோடு செய்பவரை நான் பார்த்ததில்லை.

ஃபைபர் பூசிவிடு, நாலு நாளில் கடலில் விடலாம் என்று யோசனை சொன்ன நண்பர்கள் நிறைய. அக்கறையில் சொன்னது, அதற்கும் நன்றி. ஆனால் தையல் வள்ளத்தின் உயிரே அது வளைந்து கொடுப்பதில்தான் இருக்கிறது. அலையோடு மணலில் வந்து மோதும்போது ஆணி அடித்த பலகை பிளக்கும், தைத்த பலகை அசைந்து கொடுத்துத் தப்பிக்கும். அதன்மேல் விறைப்பாக ஃபைபர் ஓடு ஒன்றை ஒட்டினால் அந்த ஓடும் விரிசல் விடும், உள்ளே புகுந்த ஈரம் வெளியேறாமல் மரத்தையும் தின்னும். மார்க்கோ போலோகூட 13-ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸில் இந்த மாதிரிக் கப்பல்களைப் பார்த்து, இரும்பில்லாத மோசமான கப்பல் என்று முகம் சுளித்தவர்தான். அவருக்குப் பின்னும் அரபிக்கடல் முழுக்க அவை பல நூறு வருஷம் ஓடின.

இற்றுப்போன அடிப்பலகைத் துண்டுக்கு அயினி வேண்டும். ரே ரோடு மரக்கடைகளில் தேக்கு கிடைக்கிறது, அயினி கிடைக்கவில்லை. நாகர்கோவிலில் இடித்த ஒரு பழைய வீட்டின் உத்திரத்தைச் சித்தப்பா பேரம் பேசி வாங்கி, அறுத்து, ரயில் பார்சலில் அனுப்பினார். சித்தப்பா, பார்சல் கூலியையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

கயிறு ஆலப்புழையிலிருந்து வந்தது. பச்சை மட்டையை மாதக்கணக்கில் காயல் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்து, நாரெடுத்துத் திரித்த கயிறுதான் உப்புத் தண்ணீரைத் தாங்கும். கடையில் கிடைக்கும் மெஷின் கயிற்றைக் காட்டினேன், தாத்தா அதை மூக்கருகே கொண்டுபோய்விட்டுத் திருப்பித் தந்தார். தன் அம்மா கையால் திரித்த கயிற்றை அனுப்பிய அலுவலக நண்பர் சேட்டனுக்கும் அந்த அம்மச்சிக்கும் என் வணக்கம்.

தையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. வள்ளத்துக்குள் ஒருவர், வெளியே ஒருவர். பலகைகள் சேரும் கோட்டின் மேல் உள்பக்கமாகத் தேங்காய் நாரைத் திண்டு மாதிரி வைத்து, அதன்மேல் கயிறு குறுக்கும் மறுக்குமாக ஓடும். வெளிப்பக்கத் தையல் மரத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது பள்ளக் கோட்டுக்குள், பதியும், இல்லாவிட்டால் மணலில் உரசியே அறுந்துவிடும். ஒவ்வொரு தையலையும் கம்பு கொடுத்து முறுக்கி இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம்? தாத்தா கயிற்றைச் சுண்டிப் பார்ப்பார், சத்தம் பிடிக்கவில்லையென்றால் "அவிழு" என்பார். அந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டிருப்பேன்! அணியத்துப் பக்கம், அதாவது வள்ளத்தின் முன்முனையில், இடுக்கில் எங்கள் யாருக்கும் தோள் நுழையவில்லை. கல்லூரியில் அக்கவுண்டன்சி படிக்கும் தாத்தாவின் பேத்திதான் உள்ளே சுருண்டு உட்கார்ந்து கயிறு வாங்கினாள். கடைசியில் அவள் சுண்டிப் பார்த்துச் சரி என்றால் தாத்தா எழுந்தே வரவில்லை.

2025 மே மாதம் கார்வாரில் ஐஎன்எஸ்வி கௌண்டின்யா கடற்படையில் சேர்ந்த செய்தி டிவியில் வந்தது. 5-ஆம் நூற்றாண்டு அஜந்தா ஓவியத்தைப் பார்த்து, கேரளத்துப் பாபு சங்கரன் தலைமையில் தைத்த கப்பல். அதுவரை எங்களைக் கிறுக்கர்களாகப் பார்த்த மூன்றாவது மாடி மாமா மறுநாள் காலை கையில் காபி டிகாக்‌ஷனோடு இறங்கி வந்து, இதுவும் அதே டெக்னிக்கா என்று கேட்டார். அப்புறம் தினமும் காபி வந்தது. மாமிக்கு நன்றி, மாமாவுக்கு வேண்டாம்.

தையல் துளைகளை நாரால் அடைத்து, குங்கிலியம் என்ற மரப்பிசினை எண்ணெயில் உருக்கிப் பூசினோம். வெளியே பண்ருட்டி நண்பர் அனுப்பிய முந்திரித்தோட்டு எண்ணெய். கையில் பட்டால் கொப்புளிக்கும் சாமான் அது. முந்திரி உடைப்பவர்கள் செய்வதுபோல எண்ணெய் தடவிக்கொண்டு தொடச் சொல்லி, அதற்குமேல் கையுறையும் தந்த சயான் ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காவுக்கு எங்கள் பத்து விரல்களும் கடமைப்பட்டிருக்கின்றன. உள்ளே சாளை எண்ணெய். இந்த இடத்தில் பி விங்கில் குடியிருக்கும் அனைவரிடமும் நன்றியை அல்ல, மூக்கைப் பொத்திக்கொண்டு பொறுத்த அந்த வாரத்துக்கான நஷ்ட ஈட்டைத்தான் பேச வேண்டும். தீபாவளிக்கு முறுக்கு வரும்.

பலகையை நெருப்பில் காட்டி வளைக்கும் வேலையைச் சொசைட்டியில் செய்ய முடியாது. அதற்குத் தன் வீட்டு முன்வாசலையும், தேங்காய் மட்டைகளையும், கூடவே பொம்பில் மீன் வறுவலையும் தந்தவர் கோலிவாடா மாவ்ஷி, நம் பேச்சில் சித்தி. அவருக்குத் தமிழ் தெரியாது, தாத்தாவுக்கு மராத்தி அரைகுறை. இரண்டு பேரும் மரத்தைத் தட்டித் தட்டியே பேசிக்கொண்டார்கள். வள்ளம் இறங்கும் முன் தேங்காய் உடைத்ததும் அவர்தான். இப்போது அவருடைய மகன்களின் படகுகளுக்கு நடுவில் கட்டிக்கிடக்கிறது, வாடகை பேசினால் கோபப்படுகிறார்.

கடைசியாக ஒரு முன்னறிவிப்பு. தையல் கயிறு நிரந்தரமில்லை, சில வருஷங்களுக்கு ஒருமுறை அவிழ்த்துப் புதிதாகத் தைக்க வேண்டும். மிச்சக் கயிறு அண்ணாச்சி கடைப் பரணில் இருக்கிறது. போன் செய்வேன், எல்லாரும் எடுக்க வேண்டும். மூன்றாவது மாடி மாமா உட்பட.