கிளியூர் அருவிக்குப் போயிட்டு வந்தேன், பாப்பா

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதறேன். இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு. போன்ல பேசினா "நல்லா இருக்கேன்ப்பா"ன்னு சொல்லிட்டு அம்மாகிட்ட குடுக்கச் சொல்லிடற. அதான் பேப்பர் எடுத்து உக்காந்தேன்.

போன ஞாயித்துக்கிழமை உன் தம்பியோட ஏற்காடு போனேன். ஐப்பசி மழையில ஏரி நிறைஞ்சு வழியுதுன்னு அடிவாரத்து டீக்கடையில சொன்னாங்க. ஏரி வழிஞ்சாத்தான் கிளியூர்ல தண்ணின்னு உனக்குத் தெரியும். மாசக்கணக்கா வெறும் பாறையா நிக்கிற இடம், வழியுதுன்னு கேட்டதும் மனசு நிக்கலை.

தம்பிதான் ஓட்டினான். 20 கொண்டை ஊசி வளைவுக்கும் நான் வாயை மூடலை. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும், ஏறின கியர்லயேதான் இறங்கணும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினா சூடேறி, வேணுங்கிற நேரத்துல பிடிக்காது. உனக்கும் இதையேதான் சொல்லுவேன். புனே பக்கமும் மலை ரோடு இருக்காமே. மாப்பிள்ளை வண்டி எடுத்தா மெதுவா இறங்கச் சொல்லு. மாப்பிள்ளை இப்ப வண்டி எடுக்கறாரா? நாலு வாரமா வீடியோ கால்ல முகமே பார்க்கலை. ஆபீஸ்ங்கற, தூங்கறாருங்கற. ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் இருக்கும்தான். நான் ஒண்ணும் கேக்கலை.

ஏரியிலருந்து அருவிக்கு மூணு கிலோமீட்டர் இருக்கும். வண்டியை விட்டுட்டு இறங்கற தூரம் கொஞ்சம்தான், ஆனா இறக்கம் செங்குத்து. ரெண்டு பக்கமும் சில்வர் ஓக் மரம், அதுல மிளகுக்கொடி ஏறி நிக்குது, கீழ காபிச் செடி. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை கொண்டு வந்த காபின்னு ஸ்கூல் போட்டியில சொல்லி நீ டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினியே, அந்த டிபன் பாக்ஸ்லதான் அம்மா இன்னமும் கடுகு போட்டு வெச்சிருக்கா. பாதையில செவந்த பழம் ஒண்ணு விழுந்து கிடந்துச்சு. எடுத்துப் பிதுக்கினேன், ரெண்டு கொட்டையும் வழுவழுன்னு உள்ளங்கையில வந்து விழுந்துச்சு. சின்னதுல நீ அந்தத் தோலைச் சப்பிட்டு "இனிக்குதுப்பா"ன்னு எனக்கும் ஊட்டுவ.

நீ டீம் லீடர் ஆனதைப் பழைய டிப்போ ஆளுங்க ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அவ்வளவு பெருமை எனக்கு. ஆனா மேட்டூர் அத்தை பேரனுக்குக் காது குத்தினாங்க, நீ ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசலை. அத்தை நேர்ல வந்து வருத்தப்பட்டாங்க. அவங்க வேற என்னென்னமோ கேட்டாங்க. நான் பதில் சொல்லலை.

பாப்பா, போன வாரம் நீ பேசறப்ப உனக்குப் பின்னாடி பச்சைச் சுவர் தெரிஞ்சுது. உங்க வீட்டுச் சுவர் வெள்ளை. பால் காய்ச்சின அன்னைக்கு அந்தச் சுவர்ல ஆணி அடிச்சு சாமி படம் மாட்டினவன் நான். பெயின்ட் அடிச்சிருப்பீங்க.

படியெல்லாம் பாசி. தம்பி தோளைப் பிடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல கால் வெச்சு இறங்கினேன். மரத்துக்குப் பின்னாடி சத்தம்தான் முதல்ல வந்துச்சு, அப்புறம்தான் தண்ணி கண்ணுக்குத் தெரிஞ்சுது. 300 அடி உயரம்ங்கறாங்க. அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்குது. எட்டவே நின்னேன், அப்பவும் கண்ணாடியெல்லாம் சாரல். துடைச்சுத் துடைச்சுப் போட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னாடி, அந்தக் கார்த்திகையில நம்ம மூணு பேரும் போனோமே, அதே இடம். அம்மா மேலயே உக்காந்துட்டா. நீயும் நானும் பாறைகிட்ட நின்னோம். நீ என்னமோ சொன்ன. நான் காதுகிட்ட கையை வெச்சு, "என்னம்மா, தண்ணிச் சத்தத்துல கேக்கலை"ன்னேன். நீ "ஒண்ணுமில்லப்பா"ன்னு சொல்லிட்டுப் படியேறிட்ட.

எனக்குக் கேட்டுச்சு, பாப்பா.

"கொஞ்ச நாள் தள்ளிப் போடலாமாப்பா"ன்னு கேட்ட. ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தேன், செவ்வாப்பேட்டையில கொலுசுக்குச் சொல்லியிருந்தேன், பத்திரிகை பாதி குடுத்தாச்சு. கேட்டேன்னு ஒத்துக்கிட்டா அடுத்து "ஏன்"னு கேக்கணும். அதுக்குப் பயந்துட்டேன். 26 வருஷம் அந்த மலையில பஸ் ஓட்டினவன். இஞ்சின் இரைச்சலுக்கு நடுவுல கடைசி சீட்டுல ஒரு குழந்தை ஓங்கரிச்சாலே கேட்டு வண்டியை ஓரங்கட்டினவன். பக்கத்துல நின்ன நீ பேசினது எனக்குக் கேக்காமப் போகுமா? இந்த நாலு வருஷமும் அதை அம்மாகிட்ட கூடச் சொல்லலை. ஞாயித்துக்கிழமை அந்தப் பாறைகிட்டப் போய் நின்னதும் கால் நடுங்கிடுச்சு. வழுக்குதுன்னு தம்பிகிட்ட சொன்னேன்.

திரும்பி ஏர்றப்ப நாலு இடத்துல உக்காந்தேன். சாயங்காலத்துக்குள்ள அடிவாரம் வந்துட்டோம், இருட்டினா காட்டெருமை ரோட்டுல நிக்கும்.

உன் ரூம்ல தம்பி போட்டிருந்த கம்ப்யூட்டர் மேசையை ஹாலுக்கு மாத்தச் சொல்லிட்டேன். பீரோவையும் காலி பண்ணி வெச்சிருக்கு. ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன், போனைத் தலைமாட்டுலதான் வெச்சுப் படுக்கறேன். சேலம் ஜங்ஷனுக்கு எந்நேரம் வந்து இறங்கினாலும் நான் வந்து நிப்பேன். இல்ல, நான் அங்க வரணும்னாலும் சொல்லு, மறுநாளே கிளம்பிடுவேன். அம்மாகிட்ட என்ன சொல்லணுமோ நான் சொல்லிக்கறேன்.

ஏற்காட்டுக் காபித்தூள் அரைக் கிலோ, தட்டுவடை, அம்மா இடிச்ச பருப்புப்பொடி எல்லாம் கட்டி வெச்சிருக்கு. புதன்கிழமை பார்சல் போடணும். இந்த லெட்டரைத் தம்பி போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பறேன்னான், வேற யார் கைக்கும் போக வேணாம்னு. பழைய விலாசத்துக்கே போடட்டுமா, வேற விலாசமான்னு மட்டும் எழுதி அனுப்பு கண்ணு.

அப்பா